பாடலும் இறைவாக்கும்: திருப்பாடல்களில் மெசியா



சென்னையின் மேற்குப் புறநகர் பாடலால் சிறப்புற்ற நிலம். திருமுல்லைவாயில் சுந்தரரின் பதிகம் பெற்றது. திருவேற்காடு ஞானசம்பந்தரின் பதிகம் பெற்றது. பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லியோ இராமானுசரின் ஆசிரியருள் ஒருவராகிய திருக்கச்சிநம்பிகள் தோன்றிய தலம். அதே பூந்தமல்லியில், கத்தோலிக்கக் குருக்களாக வரவிருப்போர் பயிலும் திரு இருதயக் குருமடமும் உள்ளது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பல சபையாரின் ஆலயங்களில் எபிரேயப் புலவர்களின் பாடல்கள் தமிழில் வாரந்தோறும் ஓதப்பெறுகின்றன. பாடலை வழிபாடாகவும் வழிபாட்டைப் பாடலாகவும் கொண்ட இந்நிலத்தில் ஒரு வினாவை எழுப்புதல் பொருத்தமேயாகும். ஒரு பாடலின் பொருள் அதைப் பாடியவன் கருதியதா? அன்றிப் பின்வந்தோர் அதில் கண்டதா?

விவிலியத்திலேயே இவ்வினா எழுந்துள்ளது. திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசவை அலுவலர் ஒருவர் தேரில் அமர்ந்து எசாயாவின் ஏட்டைப் படித்துச் செல்கிறார். அடிக்கக் கொண்டுபோகும் ஆட்டைப்போல் வாய்திறவாத ஊழியன் ஒருவனைப் பற்றிய பகுதி அது. வழியில் வந்த பிலிப்பை நோக்கி அவர் கேட்ட கேள்வி இதுவே: இறைவாக்கினர் யாரைக் குறித்துப் பாடுகிறார், தம்மைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா? பிலிப்பு அப்பகுதியிலிருந்தே தொடங்கி இயேசுவை அறிவித்தார் என்கிறது நூல். மெசியாவைப் பற்றிய கிறித்தவப் பொருள்கோள் முழுவதும் இவ்வினாவிலும் இவ்விடையிலும் அடங்கும் எனலாம். விடையை அறிந்தோர் பலர். வினாவின் நேர்மையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அரசனைப் பாடிய பாடல்கள்

மெசியா என்னும் எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பெற்றவர் என்பது பொருள். இஸ்ரயேலில் அரசர்க்கும் குருக்களுக்கும் அவ்வாறு எண்ணெய் பூசும் வழக்கம் இருந்தது. சவுலும் தாவீதும் அப்பெயர் பெற்றனர். எசாயா நூலின் 45ஆம் அதிகாரத்தில் பாரசீகப் பேரரசன் சைரசுகூட ஆண்டவரால் எண்ணெய் பூசப்பெற்றவன் எனக் குறிக்கப்பெறுகிறான். எனவே அச்சொல் தொடக்கத்தில் வருங்கால மீட்பர் ஒருவரையே குறித்ததன்று.

150 திருப்பாடல்களுள் 2ஆம் பாடலும் 110ஆம் பாடலும் அரசன் அரியணை ஏறுவதோடு இயைந்தவை. 45ஆம் பாடல் அரசனின் திருமணப் பாடல். 72ஆம் பாடல் அரசன் நீதி வழுவாது ஆளவேண்டும் என்னும் வேண்டுதல். ஹெர்மன் குங்கல் என்னும் செர்மானிய அறிஞர் (1862–1932) இவற்றை அரச பாடல்கள் என ஓரினமாக வகுத்தார். தமிழ் பயின்றோர்க்கு இவ்வகை புதிதன்று. பாடாண் திணை என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே இப்பாடல்களின் இயல்பு விளங்கிவிடும். அரசனை வாழ்த்துவதும், அவன் குடை நிழலில் உலகு தழைக்கும் என்பதும், அவன் பகைவர் பணிவர் என்பதும் உலகெங்கும் அரசவைப் புலவர்க்குரிய மரபுகள்.

அவ்வாறாயின் அவை எதிர்காலத்தை நோக்கியவை ஆனது எவ்வாறு? கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். தாவீதின் அரசமரபு அரியணை இழந்தது. வாழ்த்துப் பாடல்கள் எஞ்சின. வாழ்த்தப்பெற வேண்டிய அரசன் இல்லை. ஆயினும் மக்கள் அப்பாடல்களைக் கைவிடவில்லை. பாடலில் உள்ள அரசன் இனி வருவான் என்னும் நம்பிக்கை அவ்வெறுமையிலிருந்து வளர்ந்தது. கி.மு. முதல் நூற்றாண்டினதாகிய சாலமோனின் பாடல்கள் என்னும் யூத நூலில், தாவீதின் மகன் ஒருவன் வந்து எருசலேமைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் வேண்டுதல் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. 1947 முதல் சாக்கடற் கரைக் குகைகளில் கிடைத்த சுருள்களிலும் பழைய பாடல்களை இறுதிக்காலத்தோடு இயைத்துப் பொருள் கூறும் உரைகள் உள்ளன. ஆகவே அரசனைப் பாடிய பாடலை வருவோனைப் பாடிய பாடலாகக் கொள்ளும் முறையைக் கிறித்தவர் புதிதாகப் படைக்கவில்லை. நாடிழந்த யூதரின் ஏக்கத்தில் பிறந்த முறை அது. கிறித்தவர் அந்த ஏக்கத்திற்கு ஒரு பெயரைச் சூட்டினர்.

யாப்பு உணராமையால் நேரும் பிழை

எபிரேயப் பாடலின் உயிர்நாடி இணையடி. முதலடியில் சொன்னதை இரண்டாமடி வேறு சொற்களால் மீண்டும் சொல்லும். ஆக்சுபோர்டில் கவிதைப் பேராசிரியராக விளங்கிய இராபர்ட் லோத் 1753இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதனைத் தெளிவுற விளக்கினார். தமிழ் அணியிலக்கணம் பொருள் பின்வருநிலை எனக் கூறும் அணி இதற்கு நெருங்கியது.

செக்கரியா நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், சீயோனின் அரசன் எளிமையுடன் விலங்கொன்றின்மேல் ஏறி வருவதாக ஒரு பாடல் உள்ளது. ஓரடி கழுதை என்கிறது. அடுத்த அடி கழுதைக்குட்டி என்கிறது. விலங்கு ஒன்றே, அடி இரண்டு. மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய மூன்று நற்செய்திகளிலும் இயேசு எருசலேமுக்குள் நுழைகையில் ஒரு விலங்கே சொல்லப்படுகிறது. மத்தேயுவின் நற்செய்தியிலோ தாயும் குட்டியுமாக இரண்டு விலங்குகள் வருகின்றன. அவ்வாறே 22ஆம் பாடலில் பகைவர் ஆடைகளைப் பங்கிடுவதும் உடைக்குச் சீட்டிடுவதும் இணையடிகள். யோவான் நற்செய்தி அவற்றை இரு நிகழ்ச்சிகளாகப் பிரித்து, ஆடைகளை நான்கு பங்காக்கிய வீரர் தையலில்லா உள்ளாடைக்கு மட்டும் சீட்டிட்டனர் எனக் காட்டுகிறது.

நற்செய்தியாளர் கவிதை அறியாதவர் என இதனால் கொள்ளுதல் பொருந்தாது. மறைநூலின் ஒவ்வோர் அடியும், ஒவ்வொரு சொல்லும் வீணாகாது என்னும் கொள்கை அக்காலத்து யூத உரையாசிரியரிடமும் இருந்தது. ஆயினும் பாடலைப் பாடலாகக் காண்போர்க்கும் முன்னறிவிப்பாகக் காண்போர்க்கும் ஒரே அடி இருவேறு வகையாகத் தோன்றும் என்பதற்கு இவை தக்க சான்றுகள். தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபையாரிடம் நெடுங்காலமாக வழங்கிவரும் விவிலியப் பதிப்புகளில் திருப்பாடல்கள் உரைநடைபோல வசன எண்களோடு அச்சிடப்பெற்றன. அதனால் இணையடியின் அமைப்பு கண்ணுக்குப் புலப்படவில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பு அவற்றைச் செய்யுள் வடிவில் அடியடியாக அமைத்தது. பொருள்கோள் வரலாற்றில் இதுவும் குறிக்கத்தக்க மாற்றமாகும்.

சொல் ஒன்று, வழக்கு இரண்டு

கி.மு. 734 அளவில் சிரியரும் வட இஸ்ரயேலரும் கூடி யூதா நாட்டை நெருக்கியபோது, அஞ்சிய அரசன் ஆகாசுக்கு எசாயா ஓர் அடையாளம் உரைத்தார். ஒரு பெண் மகனைப் பெற்று இம்மானுவேல் எனப் பெயரிடுவாள். அப்பிள்ளை நன்மை தீமை அறியுமுன் பகைவர் நாடு பாழாகும் என்பது அதன் கருத்து. அப்பெண்ணைக் குறிக்கும் ‘அல்மா’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு இளம்பெண் என்பது பொருள். கிறிஸ்துவுக்கு முன்னரே யூதர் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைக் கன்னி என்னும் பொருளுடைய ‘பார்த்தெனோசு’ என்று பெயர்த்தது. மத்தேயு அக்கிரேக்க வழக்கையே எடுத்தாண்டார். இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தின் என்னும் கிறித்தவ அறிஞர் எழுதிய உரையாடல் நூலில், திரிபோ என்னும் யூதர் அச்சொல் இளம்பெண்ணையே குறிக்கும் என்றும், பிறந்த பிள்ளை எசேக்கியா அரசனே என்றும் மறுக்கிறார். 1,800 ஆண்டுகளுக்கு மேலாக அவ்வழக்கு நடந்துவருகிறது.

தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அதன் சுவடு உண்டு. பழைய மொழிபெயர்ப்பு எசாயாவில் ‘கன்னிகை’ என்றது. 1995ஆம் ஆண்டுப் பொதுமொழிபெயர்ப்பு எசாயாவில் ‘இளம்பெண்’ என்றும் மத்தேயுவில் ‘கன்னி’ என்றும் வைத்தது. நம்பிக்கையைத் தளர்த்தும் செயலென இதனைக் கருதியோரும் உண்டு. உண்மையில் அது இரு நூல்களுக்கும் நேர்மை செய்தது. எசாயா சொன்னதை எசாயாவிலும், மத்தேயு கண்டதை மத்தேயுவிலும் விட்டுவைத்தது.

தமிழ்ச்சொல் ஒன்றின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. இறைவனின் சொல்லைத் தாங்கி வருபவரைக் குறிக்கும் ‘நபி’ என்னும் எபிரேயச் சொல்லுக்குப் பழைய தமிழ் விவிலியத்தில் ‘தீர்க்கதரிசி’ என்பதே வழக்கு. நெடுந்தொலைவு காண்பவர் என்பது அதன் பொருள். அச்சொல்லாலேயே எபிரேயப் புலவர் வருங்காலம் உரைக்கும் குறிசொல்வோராகத் தமிழ்ச் செவிக்குத் தோன்றினர். பின்வந்த ‘இறைவாக்கினர்’ என்னும் சொல், அவர் முதலில் தம் காலத்து மக்களோடும் அரசரோடும் இறைவன் பெயரால் பேசியவர் என்பதை நினைவூட்டுகிறது.

தமிழ்க் கிறித்தவப் புலவர் கண்ட வழி

இப்பொருள்கோளைத் தமிழ்ப் புலவர் வெறும் வாதமாகக் கொள்ளாமல் இலக்கியமாக்கினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இதற்குச் சிறந்த சான்று. திருச்சபையைத் தலைவியாகவும் கிறிஸ்துவைத் தலைவராகவும் கொண்டது அந்நூல். 45ஆம் பாடலாகிய அரசனின் திருமணப் பாடலையும், இனிமைமிகு பாடல் என்னும் காதல் நூலையும் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உரியனவாகக் கொண்ட பழங்கிறித்தவ உரைமரபு, தமிழில் குறவஞ்சி என்னும் வடிவத்தோடு இயல்பாகவே கலந்தது. குறத்தி குறி சொல்லும் இலக்கிய வகையைத் தேர்ந்தது புலவரின் நுட்பம். தலைவன் வருவான் எனக் குறத்தி உரைக்கும் குறி, கேட்போர் மனத்தில் மீட்பர் வருவார் என்னும் வாக்காக ஒலித்தது.

அகப்பாடலை இறைவன்மேல் ஏற்றிக் காணும் பழக்கம் தமிழர்க்கு முன்பே இருந்தமையால் இது எளிதாயிற்று. திருக்கோவையார் அகத்துறைப் பாடலாகவும் இறைவனைப் பாடியதாகவும் ஒருங்கே பயிலப்பெற்றது. அவ்விரு பொருளும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

பூந்தமல்லி காட்டும் ஒப்புமை

இவ்விடத்தில் மீண்டும் பூந்தமல்லிக்கு வருதல் தகும். திருக்கச்சிநம்பிகள் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர்; வரதரின் ஆறு வார்த்தைகளை இராமானுசருக்குக் கொணர்ந்து சேர்த்தவர் என்பது வைணவ மரபு. அந்த இராமானுசரைப் பற்றி அம்மரபில் மற்றொரு நம்பிக்கையும் உண்டு. திருவாய்மொழியின் ஐந்தாம் பத்து இரண்டாம் பதிகத்தில், திருமாலடியார் நிலமெங்கும் பெருகக் கண்டு நம்மாழ்வார் மகிழ்கிறார். இராமானுசர் பெயர் அதில் இல்லை. மரபுப்படி இராமானுசர் பிறந்தது 1017இல். ஆழ்வாரோ அவருக்கு முந்திய காலத்தவர். ஆயினும் உரைமரபு அப்பதிகத்தில் இராமானுசரின் வருகையைக் கண்டது. நாதமுனிகளுக்கு வருங்கால ஆசாரியரின் திருவுருவம் காட்டப்பெற்றது என்றும் மரபு கூறும். ஆழ்வார்திருநகரியில் பவிஷ்யதாசாரியர் என்னும் பெயரோடு அவ்வுருவம் இன்றும் வழிபடப்பெறுகிறது.

வரலாற்று நோக்கில் அப்பதிகம் ஆழ்வார் தம் காலத்து அடியார் கூட்டத்தைக் கண்ட உவகை எனலாம். ஆனால் இராமானுசர் வந்த பின், அவரால் வாழ்வு பெற்றோர் அப்பாடலை ஓதியபோது, இவர்தாமே அது என அவர்தம் உள்ளம் உணர்ந்தது. நிகழ்ச்சி பாடலுக்கு விளக்கம் தந்தது. பாடல் நிகழ்ச்சிக்கு மொழி தந்தது. அந்த உணர்வை ஏமாற்று என்று எவரும் இகழார். அதே வேளை, பதிகத்தைக் காட்டி இராமானுசரின் ஆசாரியத்துவத்தை மாற்றாரிடம் மெய்ப்பிக்கவும் இயலாது. நம்புவோர்க்கு அது சான்று; நம்பாதோர்க்கு அது நல்ல பாடல்.

மெசியா பற்றிய கிறித்தவப் பொருள்கோளும் இத்தகையதே. இதனை யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரமே ஒப்புக்கொள்கிறது. இயேசு கழுதைமேல் ஏறி வந்ததைச் செக்கரியாவின் பாடலோடு இயைத்த பின், சீடர் அதனை அப்போது உணரவில்லை என்றும், இயேசு மாட்சி பெற்ற பிறகே அவ்வாறு எழுதப்பட்டிருந்ததை நினைவுகூர்ந்தனர் என்றும் நற்செய்தியாளர் எழுதுகிறார். முன்னே பட்டியல் வைத்துக்கொண்டு மெசியாவைத் தேடிக் கண்டவரல்லர் சீடர். கண்டபின் பாடல்களிடம் திரும்பிச் சென்றவர் அவர்.

ஒப்புமை நிற்கும் இடம்

ஆழ்வார் பாடலையும் இராமானுசரையும் இணைத்தோர் ஒரே மரபினர். எபிரேயப் பாடல்களின் நிலை வேறு. அப்பாடல்களைத் தந்த மக்கள் இன்றும் உள்ளனர். அவற்றையே ஓதி வழிபடுகின்றனர். 1568இல் எழுந்த கொச்சித் தொழுகைக்கூடத்தில் ஓதப்பெற்றவையும் இத்திருப்பாடல்களே. துன்புறும் ஊழியனைப் பற்றிய பாடல், சிதறுண்டு துன்புற்ற இஸ்ரயேல் மக்களையே குறிக்கும் என யூதர் தம்மிடம் கூறியதை மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் பதிவு செய்துள்ளார். பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் இராசியும் அவ்வாறே பொருள் கொண்டார். எசாயா நூலின் 41, 49ஆம் அதிகாரங்கள் ஊழியனை இஸ்ரயேல் என்றே அழைப்பதால் அப்பொருளுக்கு நூலிலேயே இடமுண்டு.

ஆனால் நம்புவோரின் சான்று, ஆள்வோரின் ஆயுதமாயிற்று. 1263இல் பார்சலோனாவில், அரகோன் மன்னன் முன்னிலையில், மெசியா வந்துவிட்டாரா என்பது குறித்து நாகுமனிதேசு என்னும் யூத அறிஞர் வாதிட வேண்டியதாயிற்று. தம் பாடலின் பொருளைத் தாமே அறியாதவர் என்னும் பழி யூதர்மேல் நூற்றாண்டுகளாகச் சுமத்தப்பெற்றது. அப்பழி ஏளனமாகி, ஏளனம் வன்முறைக்கு வழிகோலியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்மீதான வெறுப்பைக் கண்டித்தது. 2001இல் பாப்பிறை விவிலிய ஆணையம் வெளியிட்ட ஏடு, யூதரின் வாசிப்பும் இயலக்கூடிய வாசிப்பே என்றும், கிறித்தவரின் வாசிப்பு நிகழ்ச்சிக்குப் பின்னோக்கிய வாசிப்பு என்றும் விளக்கியது. திரிபோவின் மறுப்புக்குக் காலம் தாழ்த்தி வந்த மரியாதை அது எனலாம்.

இதன் அருமையைத் தமிழ்நாட்டார் எளிதில் உணர இயலும். வங்காளத்துக் கிறித்தவ அறிஞர் கிருஷ்ண மோகன் பானர்ஜி 1875இல் வெளியிட்ட நூலில், வேதத்துப் பிரசாபதியின் தன்பலி கிறிஸ்துவின் நிழல் என வாதிட்டார். அன்போடும் நாட்டுப்பற்றோடும் எழுதப்பெற்ற நூலே அது. எனினும் வேதத்தைத் தம் மறையாகப் போற்றுவோர் அதனைப் படிக்கையில் உறுத்தல் எழுதல் இயல்பு. தன் பாடலுக்குப் பிறர் வந்து முடிவுரை எழுதும்போது எழும் உறுத்தல் அது. யூதரின் உறுத்தலும் அதுவே.

புலம்பலின் குரல்

அவ்வாறாயின் கிறித்தவர் மெசியாப் பொருளைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. முதற்பொருளை அழித்து அதன்மேல் இரண்டாம் பொருளைக் கட்டாதிருந்தால் போதும். முதற்பொருள் அழிந்தால் இரண்டாம் பொருளும் வலுவிழக்கும். இதற்கு 22ஆம் பாடலே சான்று.

பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகள் தியானிக்கப்பெறுகின்றன. நான்காம் வார்த்தை, இறைவனால் கைவிடப்பட்டேன் என்னும் ஓலம். அது 22ஆம் பாடலின் தொடக்கம். அப்பாடலில் எத்தனை அடிகள் நிறைவேறின என எண்ணிப் பட்டியலிடும் வழக்கம் உண்டு. கைகால்களைப் பற்றிய அடி அப்பட்டியலில் தவறாது இடம்பெறும். எபிரேயப் பாடம் அங்கே ‘சிங்கம்போல்’ என்றும், கிரேக்கப் பாடம் ‘துளைத்தனர்’ என்னும் பொருள்படவும் நிற்கின்றன. புதிய ஏற்பாடோ அவ்வடியை எங்கும் மேற்கோளாக எடுத்தாளவில்லை. பட்டியல் நீள நீள, பாடுபவனின் ஓலம் செவிக்கு எட்டாமற் போகிறது.

பெயர் அறியாத எபிரேயன் ஒருவன் நோயிலோ பகையிலோ நைந்து, எலும்புகள் கழன்றன, நா வறண்டது, ஊரார் நகைத்தனர் எனப் புலம்பினான். புலம்பலின் நடுவே இறைவனைப் புகழவும் துணிந்தான். அவனுக்குப் பின் துன்புற்றோர் பலர் அப்பாடலைத் தம் பாடலாக்கினர். சிலுவையில் இயேசுவும் அவ்வாறே செய்தார். துன்புற்றோர் எல்லோரும் ஓதிய பாடலைத் தாமும் ஓதி, அவர்களுள் ஒருவரானார். அப்பாடல் அவரை மட்டுமே குறித்தது என்றால், அவர் தம்மைப் பற்றிய குறிப்பைப் படித்துக் காட்டினார் என்றாகிவிடும். அது அனைவர்க்கும் உரிய புலம்பலாயின், அவர் மானிடர் துயரை மெய்யாகவே ஏற்றார் என்றாகும். எது ஆழ்ந்த நம்பிக்கை என்பதை அவையோர் தெளிவர்.

எத்தியோப்பியர் கேட்ட வினா இன்றும் திறந்தே உள்ளது. அவர் விடையை வற்புறுத்திப் பெறவில்லை. தேரை நிறுத்தி, அயலவர் ஒருவரை அருகில் அமர்த்திக் கேட்டறிந்தார். திருக்கச்சிநம்பியின் சந்நிதியும் திரு இருதயக் குருமடமும் ஒரே ஊரில் அமைந்த இம்மேற்குப் புறநகரில், ஒருவர் பாடலை மற்றவர் அருகிருந்து கேட்பதற்கு இடம் நிரம்ப உண்டு. பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம் அவ்விடத்தை என்றும் காத்து நிற்பதாக.